ஓகே அக்காவும் மீந்துபோன மூடியும்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. அவள் வேலை பார்த்த கேஸ் அடுப்புத் தொழிற்சாலையில் வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவள் ஓகே அக்காதான்.

அந்த ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் நாள் முழுக்கக் குடித்தனம் நடத்திவிடுவாள். சூப்பர்வைசர் வந்து, "இன்னிக்கு ரெண்டு டஜன் கூடப் போகணும்" என்றால், "ஓகே சார்." அதற்குச் சரி என்று பொருள். நாலாம் மேசைக்காரி தன் மாமியார் புராணத்தை எடுத்தால், "ஓகே... ஓகே..." காது இங்கே இருக்கிறது, மனசு வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். மகள் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று கேட்டால், "ம், ஓகேதான்." பிடிக்கவில்லை என்று பொருள். மகள் உடனே சட்டையை மாற்றிவிடுவாள். யாராவது அழுதால் முதுகைத் தடவிக்கொண்டே, "ஓகே, ஓகே." போனை வைக்கும்போது மட்டும் மூன்று ஓகே. மூன்றாவது ஓகே வராவிட்டால் எதிரில் பேசுகிறவர் காத்துக்கொண்டே இருப்பார்.

அவள் கணவர் வெல்டிங் பட்டறைக்காரர். விருந்தாளிகள் வந்தால் தவறாமல் ஒரு கதை சொல்வார்.

"பொண்ணு பாக்கப் போனப்ப, சம்மதமான்னு எங்கம்மா கேட்டாங்க. இவ ஓகேன்னா. சம்மதம்னு சொன்னாளா, போதும் ஆளை விடுங்கன்னு சொன்னாளான்னு பத்தொன்பது வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் அந்த வார்த்தையை அவள் பிடித்துக்கொண்ட இடம் சிரிக்கிற இடமில்லை. அவளுடைய அப்பா குரலாலேயே ஆளை அடிக்கிறவர். பதில் சொன்னால், "எதுத்தா பேசறே?" பேசாமல் நின்றால், "வாயில என்ன கொழுக்கட்டையா?" ஆறாம் வகுப்பில் ஆங்கில டீச்சர் வாயிலிருந்து விழுந்த அந்தச் சின்ன வார்த்தையை ஒருநாள் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். எதிர்த்துப் பேசியதாகவும் இல்லை, ஊமையாக நின்றதாகவும் இல்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அன்றைக்குப் பிடித்தவள்தான். யார் முகம் மாறினாலும் அவள் வாய் முந்திக்கொண்டு ஓகே சொல்லிவிடும். அவள் எதற்கும் மறுப்புச் சொல்லாதவள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளுக்குத்தான் தெரியும், அது பயம் என்று.

தொழிற்சாலையில் அவளுக்கு மூன்றாம் மேசை. கசிவு பார்க்கிற வேலை. உருளைகள் மேல் நகர்ந்து ஓர் அடுப்பு வந்து நிற்கும். கேஸ் நுழைகிற அதன் வாயில் காற்றுக் குழாயைச் செருகி, காலால் கட்டையை மிதித்துக் காற்றை விடுவாள். பிறகு சோப்பு நுரையில் தோய்த்த பிரஷ்ஷால் இணைப்புகள் எல்லாவற்றையும் தடவிவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணுவாள். எங்காவது குமிழி கிளம்பினால் அடுப்பு பழுதுக்குப் போகும். கிளம்பாவிட்டால் குழாயைப் பிடுங்கி, அடுப்பின் வாயில் சிவப்பு ரப்பர் மூடியை மாட்டி, திருகுக்குப் பக்கத்தில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவாள். ஸ்டிக்கரில் இருக்கிற வார்த்தையும் அதேதான். ஓகே.

ஒவ்வொரு தடவையும் சுருளிலிருந்து ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்தால் கை வேகம் குறையும். அதனால் அந்த வரிசையில் எல்லாரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். பன்னிரண்டு ஸ்டிக்கர்களை முதலிலேயே இடது முழங்கைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக்கொள்வார்கள். பன்னிரண்டு மூடி உள்ள பாக்கெட்டைப் பிரித்து ஏப்ரன் பைக்குள் கொட்டிக்கொள்வார்கள். கை காலியானால் ஒரு டஜன் முடிந்தது. பை காலியா என்று யாரும் தடவிப் பார்ப்பதில்லை, அடுத்த பாக்கெட்டை அதன் மேலேயே கொட்டுவார்கள்.

ஓகே அக்காவுக்குக் கூடுதலாக ஒரு பழக்கம். ஸ்டிக்கரை ஒட்டும்போது வாயாலும் மெதுவாக "ஓகே" என்பாள். ஒரு நாளைக்கு நூற்றிருபது தடவை. எட்டு வருஷமாக.

அன்று சனிக்கிழமை. காலை ஆறு மணி ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்தது. துவைப்பதற்காக ஏப்ரனைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். குடையை எடுக்கலாம் என்று பையைக் கிளறியபோது, ஏப்ரன் பையிலிருந்து ஏதோ துள்ளி விழுந்து செருப்பின் மேல் உருண்டது.

சிவப்பு மூடி.

முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. குனிந்து எடுத்தாள். விரலிடுக்கில் வைத்து உருட்டினாள். அப்புறம்தான் கணக்குப் போட்டாள்.

பத்து பாக்கெட் மூடி. பத்து டஜன் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் ஒன்றுகூட மீதமில்லை, கை காலியாகத்தான் இருந்தது. அப்படியானால் ஒரு மூடி எப்படி மீந்தது? குழாயைப் பிடுங்கியதும் கை தானாக மூடியை மாட்டும். மூடி மாட்டாத அடுப்பு என்றால், குழாயே செருகாத அடுப்பு. காற்று அடிக்காமல், நுரை தடவாமல், பச்சை ஸ்டிக்கர் மட்டும் வாங்கிக்கொண்டு ஓர் அடுப்பு அவளைத் தாண்டிப் போயிருக்கிறது.

'பாக்கெட்டில் பதின்மூன்று வந்திருக்கலாமே' என்று நினைத்துப் பார்த்தாள். கொஞ்சம் மூச்சு வந்தது. எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் அப்படி வந்ததாகச் சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்ததும் அந்த மூச்சும் போயிற்று.

அப்போது போன் ஞாபகம் வந்தது. வேலை நேரத்தில் போன் கூடாது. எல்லாரையும்போல அவளும் ஏப்ரனுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். டீ இடைவேளைக்குப் பிறகு மகள் கூப்பிட்டாள். "அம்மா, சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போறேன்." போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "ஓகே, ஓகே, ஓகே" என்றாள். அந்த நேரத்தில் எதிரில் ஓர் அடுப்பு வந்து நின்றது. வாய் ஓகே சொன்னதும் கை என்ன செய்திருக்கும்? எட்டு வருஷமாக என்ன செய்கிறதோ அதைத்தான்.

பஸ் வந்தது. படிவரை போனாள். நடத்துநர், "ஏறும்மா, ஏறு" என்றார். உள்ளே எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லா வீட்டிலும் அடுப்பு இருக்கும். அவள் காலைப் பின்னுக்கு எடுத்தாள்.

தொழிற்சாலைக்குத் திரும்பி நடந்தாள். லாரி மூன்றரைக்குக் கிளம்பும். மணி இரண்டு இருபத்தைந்து. ஆறு மாதத்துக்கு முன்னால் ஆறாம் மேசையில் இருந்தவள் இப்படித்தான் ஏதோ ஒரு தப்பைத் தானே போய்ச் சொன்னாள். திங்கட்கிழமை அவள் நாற்காலி காலியாக இருந்தது. அனுப்பினார்களா, அவளாகவே நின்றாளா, யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்படவுமில்லை.

சூப்பர்வைசர் கண்ணாடி அறைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய் மூடியை மேசைமேல் வைத்தாள்.

"என்ன இது?"

"மீந்துபோச்சு சார்."

"அதுக்கு? மூடி டப்பாவுல போட்டுட்டுப் போ."

"ஒரு அடுப்பு டெஸ்ட் ஆகாம போயிருக்கு சார். ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்."

அவர் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "எப்படி?"

அவள் சொன்னாள். போன் என்ற வார்த்தை வந்ததும் அவர் முகம் மாறியது. சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

"போன் பேசினியா? லைன்ல நின்னுக்கிட்டு? உன்னை என்னிக்காவது ஒண்ணு சொல்லியிருக்கேனா? நல்ல பேரு எடுத்திருக்கே, அதை ஏன் நீயே கெடுத்துக்கறே?" குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. நூத்துக்கு ஒண்ணுதான் லீக் வரும். அந்த ஒண்ணு இதுவாத்தான் இருக்கணுமா? லாரியில பாதிக்கு மேல ஏத்தியாச்சு. பிரிக்கணும்னா மேனேஜருக்கு எழுதணும். எழுதினா உன் பேரு முதல் வரி, என் பேரு ரெண்டாவது வரி. பேசாம வீட்டுக்குப் போ. ஓகேவா?"

தப்பிப்பதற்கு அவரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் வாய் பாதி திறந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"பிரிக்கணும் சார்," என்றாள் கைக்குள்ளிருந்து. "பயமா இருக்கு சார்."

லாரிக்குப் பக்கத்தில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற ஆளை எல்லாரும் டேப்பண்ணன் என்று கூப்பிடுவார்கள். மூன்றாம் மேசையின் பெட்டிகளை மறுபடி இறக்க வேண்டும் என்றதும் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஓகேன்னு சொல்லியே எங்களைக் கொன்னே. இப்ப இல்லேன்னு சொல்லிக் கொல்ல வந்திருக்கியா?"

"பெட்டியை முழுசாப் பிரிக்க வேணாம் அண்ணே. ஓரத்தைக் கீறுங்க, கையை விட்டு மூடி இருக்கான்னு தடவினாப் போதும்."

"எந்த டஜன்?" பெட்டிகளின் மேல் மேசை எண்ணும் டஜன் எண்ணும் எழுதியிருந்தன.

"டீக்கு அப்புறம். ஏழாவது இல்லேன்னா எட்டாவது."

டேப்பண்ணன் முனகிக்கொண்டே கீறினார். அவள் கையை விட்டாள். அட்டை மணம், தெர்மாகோல் கிறீச்சிடும் சத்தம், குளிர்ந்த இரும்பு, அதன் முனையில் ரப்பர். இருக்கிறது. அடுத்தது. இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கை போகும்போது ரப்பர் தட்டுப்பட வேண்டும் என்று நெஞ்சு வேண்டியது. தட்டுப்பட்டதும், அப்படியானால் அது வேறெங்கோ இருக்கிறது என்று அதே நெஞ்சு அடித்துக்கொண்டது. இருபத்துநான்கு பெட்டிகள். எல்லாவற்றிலும் மூடி இருந்தது.

லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். "சார், நான் போய்ச் சேர வேணாமா?"

"அவ்வளவுதான்," என்றார் சூப்பர்வைசர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "பாக்கெட்டுல ஒண்ணு கூட வந்திருக்கு. மனசைத் தேத்திக்கிட்டுப் போ."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் முழங்கை வரை அட்டைத்தூள். அப்போதுதான், இவ்வளவு நேரம் பயத்தில் புத்திக்கு எட்டாமல் போன ஒன்று எட்டியது. போனை எடுத்துப் பார்த்தாள். மகள் கூப்பிட்ட நேரம் அதில் இருந்தது. பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு பத்துக்கு அவள் எட்டாவது டஜனில் இல்லை.

"ஒன்பதாவது அண்ணே," என்றாள். "இது ஒண்ணு மட்டும்."

டேப்பண்ணன் சூப்பர்வைசரைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்தார். கத்தி கீறியது.

நாலாவது பெட்டியில் அவள் விரல் ரப்பரைத் தொடவில்லை. இரும்புக் குழாயின் திறந்த வாய்க்குள் போயிற்று. அவள் கையை வெளியே எடுக்கவே இல்லை. "இதுதான்," என்று மட்டும் சொன்னாள்.

அடுப்பைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மேசைக்குப் போனார்கள். அவளே குழாயைச் செருகினாள், அவளே மிதித்தாள். நுரை தடவிவிட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. டேப்பண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். ஆறு எண்ணும்வரை ஒன்றுமில்லை. ஏழில், இடது திருகுக்கு அடியில், கடுகளவு ஒரு குமிழி எழுந்து, பெருத்து, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

சூப்பர்வைசர் நகத்தால் பச்சை ஸ்டிக்கரைச் சுரண்டினார். பாதி வந்தது, பாதி ஒட்டிக்கொண்டு நின்றது.

"நல்லவேளை," என்றார் கடைசியில். "நல்லவேளை, திரும்பி வந்தே. லாரியை அனுப்பிடலாம். நான் எழுதும்போது போன் விஷயத்தை எழுதல. கைத்தவறுன்னு போட்டுக்கறேன்."

அவள் நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் கையில் போன் இன்னும் திறந்தே இருந்தது. மகள் பெயருக்கு மேலே இன்றைய நேரம். கீழே தள்ளினாள். புதன்கிழமை, பத்து ஐம்பது. அதற்குக் கீழே போன வாரம். அதற்குக் கீழே அதற்கு முந்தின வாரம். எல்லாம் அவள் மூன்றாம் மேசையில் நின்ற நேரங்கள். எல்லாவற்றுக்கும் அவள் மூன்று ஓகே சொல்லி வைத்திருக்கிறாள். அந்த நாட்களில் ஏப்ரன் பையில் மூடி மீந்ததா? மீந்திருந்தாலும் ஷிப்ட் முடிந்ததும் பையோடு மூடி டப்பாவில் கவிழ்த்திருப்பாள். பார்த்ததே இல்லை.

"சார்," என்றாள். "இன்னிக்கு மட்டும் இல்ல சார்."

போனை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். இன்றையதைத் தவிர ஒரு மாதத்தில் ஏழு அழைப்புகள். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"இதைக் காட்டாம இருந்திருந்தா உன் வேலை மிஞ்சியிருக்கும்," என்றார்.

"தெரியும் சார்."

"என் வேலையும்."

அவளுக்குக் கண்ணீர் வந்தது. ஆனாலும் போனைத் திருப்பிக் கேட்கவில்லை.

அவர் ஒரு தாளில் ஏழு தேதிகளையும் எழுதினார். முதல் போன் கிடங்குக்கு. ஆறு தேதிகளின் அடுப்புகள் அங்கேயே இருந்தன, நிறுத்தி வைக்கச் சொன்னார். ஏழாவது தேதியின் அடுப்புகள் ஒரு கடைக்குப் போய்விட்டிருந்தன. கடைக்காரர் ஐந்து விற்றிருந்தார். தானே அந்த வீடுகளுக்கு அழைத்து, சிலிண்டரை மூடச் சொல்வதாகச் சொன்னார். கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். நாலு பேர் மூடிவிட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் போனை எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தாயிற்று.

"விலாசம் சொல்லுங்க," என்றார் சூப்பர்வைசர்.

ஸ்கூட்டரின் பின்னால் அவள் ஒரு கையில் நுரைப் பாத்திரத்தையும் பிரஷ்ஷையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் நுரை அவள் மடியில் தெறித்தது. அந்தத் தெருவுக்குள் திரும்பும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டம் நிற்குமோ, புகை தெரியுமோ என்று. கண்ணைத் திறந்தபோது தெருவில் இரண்டு சைக்கிளும், உலர்த்திய துணிகளும் தவிர ஒன்றுமில்லை.

மூன்றாவது மாடி. மணி அடித்தாள். உள்ளே சத்தமில்லை. மறுபடி அடித்தாள். சூப்பர்வைசர் கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். அவள் உள்ளங்கையால் கதவைத் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள்.

கதவு திறந்தது. ஈரக் கையும், இடுப்பில் துண்டில் சுற்றிய கைக்குழந்தையுமாக ஒரு பெண்.

"பிள்ளையைக் குளிப்பாட்டிட்டு இருந்தேன். யாரு நீங்க? எதுக்குக் கதவை இப்படி இடிக்கிறீங்க?"

"அடுப்பு கம்பெனியிலேர்ந்து வர்றோம்மா. அடுப்பு எரியுதா?"

"பால் வச்சிருக்கேன்."

ஓகே அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே ஓடி அடுப்பை அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். திருகுக்குப் பக்கத்தில் அவளுடைய ஸ்டிக்கர், பாலின் ஆவி பட்டு ஓரம் சுருண்டிருந்தது. அடுப்பு ஆறும்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. ஆனாலும் காத்திருந்தாள். பிறகு முழங்காலிட்டுக் குனிந்து, இடது திருகு, வலது திருகு, பின்பக்க இணைப்பு என்று ஒவ்வொன்றாக நுரை தடவினாள்.

பத்து எண்ணினாள். நுரை அசையாமல் இருந்தது. இருபது எண்ணினாள். அசையவில்லை.

"எதாவது பிரச்சினையா அக்கா?" என்று அந்தப் பெண் வாசலிலிருந்தே கேட்டாள். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டிருந்தாள். "பயப்படற மாதிரி எதாவது?"

"கொஞ்சம் இரும்மா," என்றாள் அவள். வாய்வரை வந்த ஓகேயை அவள் வெளியே விடவில்லை. பிரஷ்ஷை மறுபடி நுரையில் தோய்த்து, முதல் இணைப்பிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தாள்.